ஓடாத பிள்ளைக்கு எதுக்கு சீட்டு

அந்தப் பை உங்க கால்ல இடிக்குதாக்கா? இருங்க, மடியில வச்சிக்கிடுதேன். மேல கம்பியில வைக்க மாட்டேன். உள்ள இருக்கது முக்கியமான சாமான். நகை இல்ல. நகை போனாக்கூட திரும்ப வாங்கிக்கிடலாம். இது எம் பிள்ளையோட ஒரிஜினல் சர்டிபிகேட். மார்க் சீட்டு, டி.சி., ஓடி ஜெயிச்சதுக்குக் குடுத்தது பூராவும் இதுக்குள்ளதான் இருக்கு. கோவில்பட்டியில வீட்ட விட்டு இறங்குனதுல இருந்து இத நான் கீழ வைக்கல.

அந்தா, நமக்கு முன் சீட்டுல ஜன்னலோரமா இருக்கால்லா, அவதான். காளீஸ்வரி. பஸ்ஸுல ஏறுனா தூங்கிருவா. ஒல்லியா இருக்காளேன்னு பாக்காதீங்க. தூரம் ஓடுத பிள்ளைக அப்படித்தான் இருக்கணும். மூவாயிரம் மீட்டர்ல மாநிலத்துலயே ரெண்டாவது வந்த பிள்ளக்கா அது. ஒண்ணாவது வந்திருக்க வேண்டியது. கடைசிச் சுத்துல கால் வலிக்குன்னு சுணங்கிட்டா. இல்லன்னா அந்த ஈரோட்டுப் பிள்ள இவகிட்ட நெருங்கியிருக்க முடியாது.

நீங்க எது வரைக்கும்? திருச்சியா? நல்லதாப் போச்சு, நாங்களும் திருச்சிதான். மகளுக்குப் பேறுகாலமா? நல்லபடியா ஆகும், கவலப்படாதீங்க. எனக்கும் இன்னைக்கு அப்படித்தான்னு வச்சிக்கிடுங்க. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள இந்த ஒரிஜினலக் கொண்டுபோயி அங்க ஒரு காலேஜுல குடுத்துறணும். குடுத்துட்டா எம் பிள்ள காலேஜுக்குப் போயிருவா. லேட்டாச்சுன்னா அடுத்து நிக்க பிள்ளையச் சேத்துக்கிடுவேன்னு அந்த சார் சொல்லிட்டாரு. எனக்கு இந்த டிரைவர் ஓட்டுத லட்சணத்தப் பாத்தா கையும் ஓடல, காலும் ஓடல.

ஸ்போர்ட்ஸ் கோட்டான்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? காலேஜுல அதுக்குன்னு கொஞ்சம் சீட்டு வச்சிருப்பாங்க. ஓடுத பிள்ள, கபடி விளையாடுத பிள்ள, பந்தடிக்க பிள்ள, இவுகளுக்கெல்லாம் பீஸு கிடையாது, ஆஸ்டல் சும்மா, சாப்பாடு சும்மா. பதிலுக்கு அந்தக் காலேஜு பேருல ஓடணும். ஓடிக் கப்பு வாங்கிக் குடுக்கணும். அவ்வளவுதான் கணக்கு. ஒரு காலேஜுல ஒரிஜினலக் குடுத்துட்டா அத பீரோவுல வச்சுப் பூட்டிருவாங்க. பிறகு அங்கிட்டு இங்கிட்டு அசைய முடியாது. மூணு வருசத்துக்கு அந்தக் காலேஜுதான். அதான் இந்தப் பைய நான் மடியில வச்சிருக்கேன்.

ப்ளஸ் டூ மார்க்கு சொல்லிக்கிடுத மாதிரி இல்லக்கா. காலையில ஓட்டம், சாயங்காலம் ஓட்டம், எங்கன இருந்து படிக்க. அவ கையில இருக்கது ஓட்டம் ஒண்ணுதான். அதுவும் இல்லன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரோட அக்கா, எம் மதினி, அவுக மகன் செல்போன் கடை வச்சிருக்கான். ஆவணியில கல்யாணத்த முடிச்சிருவமான்னு கேட்டுக்கிட்டு இருக்காக. வீட்டுக்கு வரும்போதெல்லாம் பூ வாங்கிட்டு வந்து எம் பிள்ள தலையில அவுகளே வச்சு விடுதாக. பையன் நல்ல பையன்தான், நான் குறை சொல்லல. ஆனா எனக்கும் அந்த வயசுலதான் முடிச்சாக. மறுநாள் விடியக்காலம் எங்க மாமியா இட்லிச் சட்டிக்கு முன்னால உக்கார வச்சாக. நான் இன்னும் எந்திரிக்கல. எங்க தெரு பூராவும் என் கடை இட்லிதான். எம் பிள்ள அந்தச் சட்டிக்கு முன்னால உக்காரக் கூடாதுக்கா. அத மட்டும் என்னால தாங்க முடியாது.

அதனாலதான் இந்தப் பாடு. இவ ஒம்பதாவது படிக்கையில பி.டி. சார் என்னக் கூப்பிட்டு, யம்மா, ஒங்க பிள்ளைக்கு மூச்சு நல்லா நிக்கி, விட்டுறாதீங்கன்னாரு. அவரு சொன்னது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் செஞ்சது. மாவாட்டி வச்சிட்டு, இருட்டுலயே இவள எழுப்பி பைபாஸுக்குக் கூட்டிட்டுப் போவேன். இவ முன்னால ஓடுவா, நான் பின்னால டி.வி.எஸ்.ஸுல போவேன். சுணங்குனான்னா ஆரன் அடிப்பேன். ஆரன் சத்தம் கேட்டாப் போதும், பிச்சுக்கிட்டுப் போவா. லாரிக்காரன்லாம் ஒதுங்கி வழி விடுவான். ஒரு நாள் தெருவுல எவனோ பைக்குல ஆரன் அடிச்சான், இவ வீட்டுக்குள்ள உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தவ சட்டுனு எந்திரிச்சிட்டா. எனக்குச் சிரிப்பா வந்துட்டு. அவுகதான், எங்க வீட்டுக்காரரு, சிரிக்கல. அவுக அப்படித்தான், சிரிக்க வேண்டிய இடத்துல சிரிக்க மாட்டாக.

என்னதுக்கா, வாழைப்பழமா? எனக்கு வேண்டாம். அவளுக்கும் வேண்டாம். இல்லக்கா, கோவிச்சுக்கிடாதீங்க, எடை கூடிரும். கால்ல வேகம் வரணும்னா உடம்புல கனம் இருக்கக் கூடாதுல்லா. ராத்திரி ரெண்டு இட்லி, அதோட சரி. ஆமா, ஊருக்கெல்லாம் இட்லி அவிச்சுப் போடுதேன், எம் பிள்ளைக்கு ரெண்டுதான். எனக்கு மட்டும் மனசு இருக்காதா? அவ தட்டுல ரெண்ட வச்சிட்டு நான் அடுப்படிக்குள்ள போயிருவேன். அவ மூஞ்சியப் பாத்தா இன்னொண்ணு வச்சிருவேனோன்னு பயம்.

அடடா, குடுத்தே குடுத்துட்டீங்களா. தூங்கலையா அவ? சரி சாப்பிடட்டும். பாருங்க, எப்படி முழுங்குதா. காணாததக் கண்ட மாதிரி. ஏட்டி, மெதுவாத் தின்னு, விக்கிக்கிடும்.

கிட்ட வாங்க, ஒண்ணு சொல்லுதேன். ஆம்பளையாளுக காதுல விழுந்துறக் கூடாது. அவளுக்கு மாசாமாசம் வாரது இப்ப ஏழெட்டு மாசமா வாரதில்ல. இல்லல்ல, நீங்க நினைக்க மாதிரி ஒண்ணும் இல்ல, பத்தரமாத்துத் தங்கம் எம் பிள்ள. ஓட்டத்துல உடம்பு இறுகிட்டு, அதான். எனக்கு அதுல ஒரு நிம்மதி. போட்டி நேரத்துல அந்தத் தொல்ல இல்லல்லா. ஆனா மதுரைக் காலேஜுல அந்த மேடம் இருக்காளே, அவ இதத்தான் கேக்கா. என்ன டைம்ல ஓடுவ, என்ன மெடல் வாங்கியிருக்கன்னு கேக்கணும். அத விட்டுட்டு, மாசாமாசம் ஒழுங்கா வருதான்னு கேக்கா. இது காலேஜுல கேக்க கேள்வியா? எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

அந்த மேடம் கதையச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். சாத்தூரு தாண்டிட்டமா? சரி.

மதுரையில ஒரு பொம்பளப் பிள்ளைக காலேஜு. செலக்சன்னு சொன்னாங்க, போன வாரம் போனோம். அங்க ஓட்டத்துக்கு இந்த மேடம்தான். நாப்பது வயசு இருக்கும், ஆம்பள மாதிரி முடி வெட்டியிருக்கா. எல்லாப் பிள்ளைகளும் ஓடுச்சு. இவளும் ரெண்டு சுத்து ஓடுனா. ரெண்டே சுத்துக்கா. மூணாவது சுத்து வரும்போது அந்த மேடம் கைய நீட்டி இவள நிறுத்திட்டா. ஷூவக் கழட்டு, வெறுங்கால்ல நடன்னா. இவ நடந்தா. தரையில உக்காருன்னா. உக்காந்தா. காலத் தூக்கி மடியில வச்சிக்கிட்டு, முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு இருக்குல்லா, அத மேல இருந்து கட்டைவிரலால அமுக்கிக்கிட்டே வந்தா. ஒரு இடத்துல அமுக்கவும் இவ வாயப் பொத்திக்கிட்டா. கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

மேடம் என்னயப் பாத்து, எத்தனை நாளா இப்படி இருக்குன்னு கேட்டா. நான் சொன்னேன், அது சுளுக்கு மேடம், நாங்க வாராவாரம் வழிச்சு விடுதோம்னு. உள்ளதத்தான சொன்னேன். எங்க ஊருல சுளுக்கு வழிக்க ஆளு ஒருத்தரு இருக்காரு, கைராசிக்காரரு. விளக்கெண்ணெயக் காய்ச்சி, அந்த எலும்பு மேலயே கட்டைவிரல அழுத்தி மேல இருந்து கீழ இழுப்பாரு. இவ கத்துவா. கத்துனாத்தான் சுளுக்கு எடுபடுதுன்னு அர்த்தம்பாரு. நான் ரெண்டு தோளையும் பிடிச்சிக்கிடுவேன். எங்க வீட்டுக்காரரு வாசல்ல போயி நின்னுக்கிடுவாக. வலி குறைஞ்ச மாதிரி இருக்கும், திரும்ப வந்துரும். திரும்ப வழிப்போம்.

அத நான் சொல்லி முடிக்க முன்னாடி அந்த மேடம் கண்ண மூடிக்கிட்டா. பிறகு மெதுவாச் சொல்லுதா, யம்மா, இது சுளுக்கு இல்ல, எலும்புல கீறல் விழுந்திருக்கலாம், ஸ்கேன் எடுக்கணும். நாலு மாசம் இந்தப் பிள்ள ஓடவே கூடாது. நல்லா சாப்பிடணும். நான் இவளச் சேத்துக்கிடுதேன், ஆனா இந்த வருசம் ஒரு போட்டிக்கும் அனுப்ப மாட்டேன். அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்னா.

நான் கேட்டேன், ஓடலன்னா சீட்டு உண்டா மேடம்? உண்டுன்னா. ஆஸ்டலு? உண்டுன்னா. பிறகு அவளே சொன்னா, என்னைக்கு வந்தாலும் இவளுக்கு இடம் வச்சிருப்பேன்மா, யோசிச்சிட்டு வாங்கன்னு.

நீங்களே சொல்லுங்கக்கா. ஓடாத பிள்ளைக்கு எதுக்கு சீட்டு? ஒரு வருசம் சும்மா உக்கார வச்சு சோறு போடுததுக்கு அவ காலேஜு என்ன சத்திரமா? ஏதோ உள்குத்து இருக்கு. நான் அப்பவே கண்டுபிடிச்சிட்டேன். ஒண்ணு, அவகிட்ட வேற எந்தப் பிள்ளையும் சேரல, ஆளுக் கணக்குக்கு இவளப் போடுதா. என்னைக்கு வந்தாலும் இடம் இருக்குன்னா அது என்ன இடம்? யாரும் உக்காராத இடம். இல்லன்னா, எம் பிள்ள வேற காலேஜுக்குப் போயி இவ பிள்ளைகளத் தோக்கடிச்சிறக் கூடாதுன்னு மடக்கிப் போடுதா. உலகத்துல எவளாவது சும்மா குடுப்பாளா?

நான் எந்திரிச்சு வந்துட்டேன். இவ அந்த மேடத்தத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தா. பஸ் ஸ்டாண்டுல வச்சு, யம்மா, நான் இங்கயே சேந்துக்கிடுதேன்னா. ஏண்டின்னேன். சும்மாதான்னா. சும்மாதான்னா என்னக்கா பதில்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லத் தெரியல. கால் வலிக்கும்மான்னு ரெண்டாவது சொன்னா. கால் வலி எவளுக்குடி இல்ல, எனக்கு இல்லையா, நின்னுக்கிட்டே இட்லி அவிக்கேன், நான் நாற்காலியப் போட்டு உக்காந்துட்டேனான்னு கேட்டேன். அதுக்குப் பிறகு அவ அதப் பத்திப் பேசல. புரிஞ்சிக்கிட்டா.

கோபத்துல கண்டபடி வைய மாட்டேன் நான். எடுத்துச் சொன்னாப் புரிஞ்சிக்கிடுத பிள்ள அவ.

அடுத்தநாளே திருச்சிக்குப் போனோம். அது காலேஜு. வாசல்லயே கண்ணாடி பீரோ, உள்ள பூராவும் கப்பு. அந்த சாரு பேச்சுல என்ன ஒரு வேகம். இவ சர்டிபிகேட்ட ஒரு புரட்டு புரட்டுனாரு, அவ்வளவுதான், சேத்துக்கிட்டேம்மான்னாரு. காலத் தொடல, கையத் தொடல, வேண்டாத கேள்வி ஒண்ணும் கேக்கல. காலேஜு திறந்த மறுவாரமே ஓட்டம். ஐயாயிரம், பத்தாயிரம், கிராஸ் கன்ட்ரி, ரிலேக்கு ஆளில்லன்னா ரிலேயும். எல்லாத்துக்கும் ஒங்க பிள்ளதாம்மா, பிழிஞ்சு எடுத்துருவேன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. எம் பிள்ள வேணும்னு ஒருத்தர் இவ்வளவு ஆசையாச் சொல்லி நான் கேட்டதே இல்ல. மதினி கேக்கது வேற. அது வேற ஆசை.

அங்க இருக்க பிள்ளைகளப் பாக்கணும் நீங்க. ஒண்ணு முழங்கால்ல கட்டு, ஒண்ணு கெண்டக்கால்ல கட்டு, ஒருத்தி ரெண்டு கால்லயும் கட்டு. அத்தன பிள்ளையும் கட்டுப் போட்டுக்கிட்டு மைதானத்துல நிக்கிதுக. என்ன உழைப்பு. பாருடி, இதுகளுக்கெல்லாம் வலிக்கலையா, நிக்கிதுகளா இல்லையான்னு இவகிட்டக் காட்டுனேன். போன வருசம் யுனிவர்சிட்டியில தங்கம் வாங்குன பிள்ள எதுன்னு சாருகிட்டக் கேட்டேன். அந்தப் பிள்ள இப்ப வாரதில்லம்மான்னாரு. கல்யாணம் ஆயிருக்கும். தண்ணிக் குழாய்கிட்ட இவ நிக்கும்போது ஒரு பிள்ள இவ காதுல என்னமோ சொல்லிட்டுப் போச்சு. என்னடி சொன்னான்னேன். இங்க வராத அப்படின்னு சொன்னாம்மான்னா. பாத்தீங்களா பொறாமைய? இவ வந்துட்டா அவ இடம் போயிரும்லா.

விருதுநகரா? இன்னும் இவ்வளவு தூரம் இருக்கா. டிரைவர்கிட்ட யாராவது சொல்லக் கூடாதா, கொஞ்சம் வெரசாப் போகச் சொல்லி.

எங்க வீட்டுக்காரரோட ஒரே சண்டை. அவுக குட்டியானை வண்டி வச்சு லோடு அடிக்காக. வாயத் திறந்து பேச மாட்டாக, பேசுனா இப்படி ஏதாவது பேசி வைப்பாக. அந்தம்மா சொன்னது சரின்னு எனக்குப் படுது ராமலட்சுமி, ஸ்கேன் எடுத்துப் பாப்பமேன்னாக. நான் பிடிபிடின்னு பிடிச்சிட்டேன். ஸ்கேன் எடுத்து அதுல என்னமும் வந்துட்டா? அந்தக் காயிதம் இந்த சாரு கையில கிடைச்சா சீட்டுக் குடுப்பாரா? சீட்டு இல்லன்னா ஒங்க அக்கா பூவோட வந்து நிப்பாக, நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்களா, ஒங்க அக்காகிட்ட ஒரு நாளாவது வேண்டாம்னு சொல்லியிருக்கீங்களான்னு கேட்டேன். தலையக் குனிஞ்சிக்கிட்டே வெளிய போயிட்டாக. பிறகு நாலு நாளா நான் அவுககிட்டப் பேசல. சோத்தப் போட்டு வச்சிருவேன், எடுத்துச் சாப்பிடுவாக.

அப்பனும் மகளும் மட்டும் குசுகுசுன்னு பேசிக்கிடுதாக. நேத்துக்கூட நான் மாவாட்டிக்கிட்டு இருக்கேன், இவ அவுக வண்டியில ஏறி உக்காந்து என்னமோ சொல்லிக்கிட்டு இருக்கா. நான் எட்டிப் பாக்கவும் ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டாக. பிள்ளையப் பிரியப் போறோம்னு அவுகளுக்கும் வருத்தம் இருக்கும்லா. இன்னைக்கு வழியனுப்பக்கூட வரல, மதுரைக்கு லோடு இருக்குன்னு எங்களுக்கு முன்னாடியே கிளம்பிட்டாக. போங்கன்னு விட்டுட்டேன். வீம்புன்னா எனக்கும் வீம்புதான்.

ஒண்ணு சொல்லட்டுமாக்கா. எனக்கு அவ ஓட்டமே பிடிக்காது. உண்மையச் சொல்லுதேன். அவ மூச்சு வாங்கிக்கிட்டு வந்து நிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். ஆனா அவ ஓடி ஓடி எங்க வீட்ட விட்டு, எங்க தெருவ விட்டு, அந்தச் சட்டிய விட்டுத் தாண்டிப் போயிறணும். அதுக்கு மேல அவ ஓட வேண்டாம். நடக்கட்டும், உக்காரட்டும், தூங்கட்டும். இந்த மூணு வருசம் மட்டும் கால் தாங்கிட்டாப் போதும். கோயில்ல போயி வேற ஒண்ணும் கேக்கதில்ல நான். மூணு வருசம் தாங்கணும், அதுதான்.

மதுரை வந்துட்டா? மாட்டுத்தாவணியா? எவ்வளவு நேரம் நிக்கும்? பத்து நிமிசம்னு சொல்லுதாரு கண்டக்டரு. பத்து நிமிசம் எதுக்கு, ஆளு ஏறுனா எடுக்க வேண்டியதுதான.

என்ன காளி? ஜெராக்ஸா? போன வாரந்தான எடுத்தோம். மூணு செட்டு வேணும்னு சார் சொன்னாரா? எங்கிட்டச் சொல்லவே இல்ல. திருச்சியில எடுத்துக்கிடலாம்ட்டி. கூட்டமா இருக்குமா? சரி, அதுவும் வாஸ்தவம்தான். அங்க போயி ஜெராக்ஸுக்கு அலைஞ்சா நேரம் போயிரும். இந்தா பை. பத்தரம், நெஞ்சோட சேத்துப் பிடிச்சிக்க. ஒண்ணையும் மிசின்லயே விட்டுட்டு வந்துறாத. காசு வச்சிருக்கியா? வெரசா வா, பஸ் எடுத்துருவான்.

பாத்தீங்களாக்கா பொறுப்ப. நான் மறந்தாலும் அவ மறக்க மாட்டா. இத்தன நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தவ, இப்ப அவளாவே சார் கேட்டாரு, செட்டு எடுக்கணும்ங்கா. மனசு மாறிட்டா. பெத்தவ சொன்னாக் கேக்காம எங்க போவா. சீட்டுக்கு அடையாளமா ஷூப் பைய வச்சிட்டுப் போயிருக்கா பாருங்க, வேற ஆளு உக்காந்துறாம. ஸ்பைக்ஸு அது. அடியில ஆணி இருக்கும். அத வாங்கிக் குடுத்தன்னைக்குத் தலமாட்டுல வச்சிக்கிட்டுத் தூங்குனா. யாரையும் தொட விட மாட்டா. நான் துடைக்கப் போனாக்கூட, யம்மா நீ வையிம்பா.

என்ன, ஆளெல்லாம் ஏறிட்டாங்களா? டிரைவர் வந்துட்டாரே. கண்டக்டர் தம்பி, எம் பிள்ள ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கு, ஒரு நிமிசம். ஒரே நிமிசம் தம்பி. அந்தா அந்தக் கடைதான். காணோம், கடையில ஆளையே காணோம். போன் போட்டுப் பாக்கேன். அடிக்குது, எடுக்க மாட்டேங்கா. கூட்டத்துல கேக்கலையா இருக்கும். தம்பி, உருட்டாதீங்க, பிள்ள வரணும். பின்னால வண்டி நிக்குதுன்னா நான் என்ன செய்ய.

அந்தா. அந்தா போறா. வாசல் பக்கம் போறாக்கா. பஸ் வெளிய வருததக் கவனிச்சு அங்கன நின்னு ஏறிக்கிடலாம்னு போறா போல. சமத்து. தம்பி, நீங்க மெதுவா உருட்டுங்க, அவ ஓடி வந்து ஏறிருவா. மாநிலத்துல ரெண்டாவது வந்த பிள்ள, பஸ்ஸப் பிடிக்கிறது அவளுக்கு ஒரு வேலையா. ஏட்டி காளி. காளீஸ்வரி. ஓடியா. ஓடியாட்டி.

கேட்டுட்டா. திரும்பிப் பாத்துட்டா. என்னப் பாத்துட்டாக்கா, நேருக்கு நேராப் பாத்தா.

ஏன் ஓட மாட்டேங்கா?

தம்பி, ஆரன் அடிக்கச் சொல்லுங்க டிரைவர. ஆரன் கேட்டா ஓடிருவா. அடிங்க. இன்னொருக்கா அடிங்க. ஏட்டி, நடக்கியே, பஸ்ஸு போகுது, நடக்கியே. ஆரன் சத்தம் காதுல விழலையா அவளுக்கு. ரோட்டத் தாண்டுதா. அந்தப் பக்கம் எதுக்குப் போறா. அங்க என்ன நிக்குது. குட்டியானை.

அவுக வண்டிதான். மஞ்சக் கயிறு கட்டியிருக்குல்லா கண்ணாடியில, அவுக வண்டிதான் அது. மதுரைக்கு லோடுன்னாகளே. அவுகளும் இறங்கி நிக்காக. பைய வாங்கிக்கிட்டாக. ஒரிஜினல்க்கா. அந்த மேடத்துகிட்டத்தான் போறாக. ரெண்டு பேரும் சேந்து. நேத்து வண்டிக்குள்ள இருந்து பேசுனது இதத்தான்.

இப்ப என்ன செய்யுதாக? இடுப்புல கைய வச்சுத் தூக்குதாக. அந்தச் சின்ன வண்டியில ஏறுததுக்கு எதுக்குத் தூக்கணும்? அவ ஒரு கால மட்டும் வச்சு, இன்னொரு காலக் கையால பிடிச்சுத் தூக்கி உள்ள வைக்கா. பிள்ளையத் தொட்டில்ல போடுத மாதிரி வைக்காக அவுக.

போயிட்டு. வண்டி போயிட்டு.

இருங்க தம்பி. இறங்குதீங்களா வாரீங்களான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல. கத்தாதீங்க எல்லாரும், ஒரு நிமிசம். அந்த ஷூப் பைய எடுத்துக் குடுங்கக்கா. விட்டுட்டுப் போயிட்டா. யாரையும் தொட விட மாட்டா, இதப் போயி விட்டுட்டுப் போயிட்டா.

யக்கா, கோவில்பட்டியில நாங்க ஏறும்போது நீங்க முன்னாடியே உக்காந்திருந்தீங்கல்லா. நான் பையப் பிடிச்சிக்கிட்டு முன்னால ஏறிட்டேன். திரும்பிப் பாக்கல. அவ எனக்குப் பின்னால வந்தா. நீங்க பாத்திருப்பீங்கல்லா.

எப்படி ஏறுனா? கம்பியப் பிடிச்சிக்கிட்டு ஏறுனாளா? யாராவது கை குடுத்தாகளா? நீங்க குடுத்தீங்களா?

சொல்லுங்கக்கா. நான் பேசல. நீங்க சொல்லுங்க.